பெங்களூர்ல குழந்தையோட முதல் ஐஇபி மீட்டிங்: போறதுக்கு முன்னாடி வீட்ல என்னென்ன ரெடி பண்ணிக்கணும்

ஸ்கூல்ல இருந்து "ஐஇபி மீட்டிங் வச்சிருக்கோம், அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்துடுங்க"ன்னு ஒரு மெசேஜ் வரும், அத பாத்ததுமே பாதி பேருக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் போயிடும். ஸ்கூல விட்டு எடுக்க சொல்லுவாங்களோ, ஃபீஸ் ஏத்துவாங்களோ, குழந்தைய பத்தி என்ன சொல்லப் போறாங்களோன்னு ஒரே யோசனையா இருக்கும். நாங்க கே.ஆர்.புரம் பக்கம் இருக்கோம், என் பொண்ணுக்கு ஆட்டிசம், இப்ப மூணாவது படிக்கிறா. இங்க நம்ம தமிழ் ஃபேமிலிங்க இந்த மீட்டிங்குக்கு முன்னாடி போன் பண்ணி கேப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் சொல்றத ஒரே இடத்துல எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு உதவுமேன்னு தான் எழுதுறேன்.

ஐஇபின்னா இண்டிவிஜுவலைஸ்ட் எஜுகேஷன் புரோகிராம். கத்துக்கறதுல கூடுதல் உதவி தேவைப்படுற குழந்தைக்குன்னு தனியா போடறது. இந்த வருஷம் நம்ம குழந்தை எதெல்லாம் கத்துக்கணும், யார் சொல்லித் தருவாங்க, எப்படி சொல்லித் தருவாங்க, கத்துக்கிட்டாளா இல்லையான்னு எத வச்சு பாக்குறது, இத எல்லாம் ஸ்பெஷல் எஜுகேட்டர் (இந்த மாதிரி குழந்தைங்களுக்கு சொல்லித் தரவே படிச்ச டீச்சர்), கிளாஸ் டீச்சர், கோஆர்டினேட்டர், நாம எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசி எழுதுற பிளான். எழுதுறங்கறது தான் இதுல முக்கியம். பேசினது எதுவும் நிக்காது, அடுத்த ஜூன்ல கிளாஸ் டீச்சர் மாறிட்டா புது டீச்சருக்கு இருக்கப் போறது அந்த பேப்பர் மட்டும் தான். அதனால நாம கைல எழுதி எடுத்துட்டுப் போறது எவ்வளவு தெளிவா இருக்கோ பிளானும் அவ்வளவு தெளிவா வரும், வெறுங்கையோட போனா ஸ்கூல்ல ஏற்கனவே டைப் பண்ணி வச்சிருக்கறதுல சைன் போட்டுட்டு வர்ற மாதிரி ஆயிடும்.

நெட்ல தேடினா வர்றது முக்காவாசி அமெரிக்கா விஷயம், அத படிச்சு குழம்பிக்காதீங்க. ஐஇபிங்கற ஏற்பாடே அங்க 1975ல வந்த சட்டத்துல இருந்து ஆரம்பிச்சது, அங்க அது கட்டாயம், பேரன்ட்ஸும் அந்த டீம்ல மெம்பர்னு சட்டத்துலயே இருக்கு. இங்க ஒரே மாதிரி ஃபார்ம் கிடையாது, ஒரு ஸ்கூல்ல எட்டு பக்கம் இருக்கும், இன்னொரு ஸ்கூல்ல ஒரு எக்ஸெல் ஷீட் தான் இருக்கும். நம்ம நாட்டுல நமக்கு கை குடுக்குறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அத பத்தி கீழ சொல்றேன்.

மெசேஜ் வந்த அன்னைக்கே பதில் மெயில் போட்டு நாலு விஷயம் கேட்டுடுங்க. மீட்டிங்குக்கு யார் யார் வர்றாங்க, எவ்வளவு நேரம், டிராஃப்ட் பிளான் ஏதாவது இருந்தா முன்கூட்டியே அனுப்ப முடியுமா, வெளிய போற தெரபிஸ்ட்ட கூட்டிட்டு வரலாமா இல்ல போன்ல சேத்துக்கலாமா. பிடிஎம் (பேரன்ட்ஸ் டீச்சர் மீட்டிங்) மாதிரி 15 நிமிஷம்னு சொன்னா "முதல் மீட்டிங், ஒரு மணி நேரமாவது வேணும்"னு தயங்காம கேளுங்க, கிளாஸ் டீச்சர் கட்டாயம் இருக்கணும்னும் கேளுங்க, ஏன்னா ஸ்பெஷல் எஜுகேட்டர் வாரத்துல சில பீரியட் தான் பாப்பாங்க, மீதி நேரம் பூரா குழந்தை கிளாஸ் டீச்சர் கிட்ட தான் இருக்கும்.

அடுத்தது ஃபைல். அசெஸ்மென்ட் ரிப்போர்ட், தெரபி ரிப்போர்ட், காது டெஸ்ட், கண் டெஸ்ட், ஃபிட்ஸ் மாத்திர ஏதாவது போகுதுன்னா அந்த பிரிஸ்கிரிப்ஷன், யுடிஐடி கார்டு (மத்திய அரசு குடுக்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருந்தா அது, போன வருஷ நோட்டு ரெண்டு. எல்லாம் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, ஒரிஜினல் வீட்ட விட்டு போக வேண்டாம். பேச்சு லேட்டா இருக்கிற குழந்தைக்கு காது டெஸ்ட் இன்னும் பண்ணலன்னா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அத பண்ணிடுங்க. அசெஸ்மென்ட்டுக்கு எங்க போறதுன்னு கேக்குறவங்களுக்கு, ஓசூர் ரோட்ல நிம்ஹான்ஸ்ல குழந்தைகளுக்கு தனி மனநல டிபார்ட்மென்ட் இருக்கு, பேச்சு காது சம்பந்தமா மைசூர்ல ஆல் இந்தியா இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்பீச் அண்ட் ஹியரிங் இருக்கு, ரெண்டுமே மத்திய அரசோடது. கூட்டம் இருக்கும், காலைல சீக்கிரம் போகணும்.

ரிப்போர்ட்ட மீட்டிங்குக்கு முன்னாடி வீட்ல உக்காந்து ரெண்டு பேரும் படிச்சிடுங்க. "மூணு வயசு லெவல்"னு எல்லாம் அதுல எழுதியிருக்கும், ஏழு வயசு புள்ளைக்கு அத பாத்தா நெஞ்சு கனத்துப் போகும், அந்த கனத்த ஸ்கூல் டேபிள்ல எல்லார் முன்னாடியும் முதல் தடவையா தாங்குறத விட வீட்லயே அழுது முடிச்சிட்டு போறது நல்லது. புரியாத வார்த்தைக்கு அடில கோடு போட்டு, ரிப்போர்ட் குடுத்த சைக்காலஜிஸ்ட் கிட்டயே போன் பண்ணி கேட்டுடுங்க.

இப்ப நம்ம தமிழ் வீடுகளுக்குன்னே இருக்கிற ஒரு விஷயம், இத நான் எல்லார் கிட்டயும் அழுத்தி சொல்லுவேன். டெஸ்ட் எந்த பாஷைல எடுத்தாங்கன்னு பாருங்க. பெங்களூர்ல நம்ம புள்ளைங்க வீட்ல தமிழ், கிளாஸ்ல இங்கிலீஷ், ஆயா கிட்ட கன்னடம், பக்கத்து ஃபிளாட்ல ஹிந்தின்னு வளருதுங்க. என் பொண்ணோட ரிப்போர்ட்ல ரெண்டு வேலை சேத்து சொன்னா புரிஞ்சுக்க மாட்டேங்குறான்னு இருந்துச்சு. வீட்ல எங்க அத்தை அடுப்படில இருந்துகிட்டே "தங்கம், அந்த டம்ளர எடுத்து சிங்க்ல போட்டுட்டு ஃபேன ஆஃப் பண்ணிடு"ன்னு சொன்னா ரெண்டையும் கரெக்ட்டா அதே வரிசைல செய்வா, டம்ளர் போட்டுட்டு சுவிட்ச் எட்டாம ஸ்டூல் இழுத்துப் போட்டு ஏறி ஆஃப் பண்ணுவா. அத என் வீட்டுக்காரர் போன்ல வீடியோ எடுத்து வச்சிருந்தார், மீட்டிங்ல போட்டுக் காட்டினோம். ஸ்பெஷல் எஜுகேட்டர் ரெண்டு தடவ பாத்துட்டு பிளான்லயே மாத்தி எழுதினாங்க, தமிழ்ல ரெண்டு ஸ்டெப் புரியுது, இங்கிலீஷ்ல ஒரு ஸ்டெப் சைகையோட புரியுதுன்னு. இதுல என்ன பெருசா மாறிச்சுன்னா, புரிஞ்சுக்கவே சொல்லித் தரணும்ங்கற வேலை போயி, ஏற்கனவே புரியறத இங்கிலீஷுக்கு கொண்டு போகணும்ங்கற வேலையா ஆயிடுச்சு, ரெண்டும் ஒண்ணு இல்ல, சொல்லித் தர முறையே வேற.

அதனால மீட்டிங்குக்கு முந்தின வாரம் முழுக்க சின்ன சின்ன வீடியோ எடுங்க, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் போதும். சாப்பிடுறது, செருப்பு போடுறது, தம்பி கூட விளையாடுறது, ஏதாவது வேணும்னா எப்படி கேக்குறாங்கறது. நல்லா செய்யறத மட்டும் எடுக்காதீங்க, கஷ்டப்படுறதையும் எடுங்க, ஹோம்வொர்க் நேரத்துல என்ன ஆகுதுன்னு டீச்சருக்கு தெரியணும்ல.

"வீட்ல தமிழ நிறுத்திட்டு இங்கிலீஷ்லயே பேசுங்க"ன்னு சில இடத்துல சொல்லுவாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. ரெண்டு பாஷை கேட்டு வளர்றதால பேச்சு தாமதம் வர்றது கிடையாது, ஆட்டிசம் இருக்கிற குழந்தைங்கள வச்சு பண்ண ஆராய்ச்சிகளும் ரெண்டு மொழியால கெடுதல்னு காட்டல. வேலூர்ல இருந்து வந்து பேத்திய பாத்துக்கற பாட்டி இங்கிலீஷ்ல என்ன பேசுவாங்க, பேசாம இருப்பாங்க, அப்ப குழந்தை காதுல விழற பேச்சு தான் குறையும். மீட்டிங்ல இப்படி யாராவது சொன்னா "வீட்ல தமிழ் தொடரும், ஸ்கூல்ல யூஸ் பண்ற 20 இங்கிலீஷ் வார்த்தைய லிஸ்ட்டா குடுங்க, அத வீட்லயும் சேத்துப் பழக்குறோம்"னு சொல்லுங்க. ஸ்கூல் பக்கத்துக்கும் நீங்க ஒரு லிஸ்ட் குடுக்கணும், குழந்தை சொல்ற தமிழ் வார்த்தைங்க. உச்சா, மம்மு, வலிக்குது, வேணாம், போலாம், இத எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல எழுதி பக்கத்துல அர்த்தம் போட்டுக் குடுங்க. கிளாஸ் டீச்சர் கன்னடக்காரங்களாவோ மலையாளியாவோ வடநாட்டுக்காரங்களாவோ இருக்கலாம், "வலிக்குது"ன்னு புள்ள சொல்லிட்டே இருக்கும், அவங்களுக்கு என்னன்னே தெரியாது.

இதோட சேத்து ஒரே ஒரு பக்கத்துல குழந்தைய பத்தி எழுதுங்க. ஒரு பக்கம் தான், ரெண்டாவது பக்கத்த யாரும் திருப்ப மாட்டாங்க. முதல்ல என்ன நல்லா வரும்னு எழுதுங்க, அப்புறம் ரொம்ப புடிச்சது, எதுக்கு பயப்படுவா, எது தாங்காது, உதாரணத்துக்கு மிக்ஸி சத்தம், அசெம்பிளி மைக், யாராவது பின்னாடி இருந்து தொடறது. கோவம் வந்தா முன்னாடி என்ன அறிகுறி தெரியும், என்ன பண்ணா அடங்கும், என்ன பண்ணவே கூடாது. டாய்லெட்டுக்கு எப்படி கேப்பா, சாப்பாட்டுல என்ன ஒத்துக்காது, கேட்ட விட்டு வெளிய ஓடற பழக்கம் இருந்தா அத பெரிய எழுத்துல எழுதுங்க. கொஞ்சம் பெரிய குழந்தையா இருந்தா அது கிட்டயே கேளுங்க, ஸ்கூல்ல எது புடிக்கல, யார் பக்கத்துல உக்காரணும்னு, அது சொல்றத அதோட வார்த்தைலயே எழுதுங்க.

அப்புறம் ஆசைய குறைச்சு எழுதறது, இது கஷ்டமான வேலை. எல்லாமே வேணும்னு தான் தோணும், பேசணும், படிக்கணும், ஃபிரெண்ட்ஸ் வேணும், கையெழுத்து நல்லா வரணும். ரெண்டு பேரும் தனித்தனியா ஆளுக்கு மூணு எழுதி அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்க, வீட்டுக்குள்ளயே கருத்து வேற வேறயா இருக்கும், அந்த வாக்குவாதம் வீட்லயே முடிஞ்சிடணும். நான் சொல்ற வரிசை இது: தன்னோட தேவைய சொல்லத் தெரியறது முதல்ல, பாத்ரூம் சாப்பாடு பாதுகாப்பு அடுத்தது, படிப்பு அதுக்கப்புறம். நிறைய பேர் இத தலைகீழா கேப்பாங்க, ஏபிசிடி எழுத வருதான்னு. டாய்லெட்டுக்கு கேக்கத் தெரியாம அரை நாள் அடக்கிட்டு உக்காந்திருக்கிற குழந்தைக்கு ஏபிசிடி எங்க ஏறும்.

பிளான்ல எழுதுற கோல், அதாவது இலக்கு, எப்படி இருக்கணும்ங்கறத மட்டும் நல்லா புடிச்சுக்கோங்க, மீதி எல்லாத்தையும் விட இது தான் வேலைக்கு ஆகும். "கவனம் முன்னேறணும்", "சோஷியல் ஸ்கில்ஸ் டெவலப் ஆகணும்" இப்படி எழுதினா மார்ச்ல "ஓரளவு முன்னேறியிருக்கா"ன்னு எழுதி முடிச்சிடுவாங்க, அத யாராலயும் ஆமான்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது. அதே விஷயத்த இப்படி எழுதலாம்: கிளாஸ் டீச்சர் எல்லாருக்கும் பொதுவா "புக் எடுங்க"ன்னு ஒரு தடவ சொன்னதும், யாரும் கையப் புடிக்காம, பைல இருந்து சரியான புக்க எடுத்து டெஸ்க் மேல வைப்பா, 5 தடவைல 4 தடவ, அக்டோபர் கடைசிக்குள்ள. இப்ப எத்தன தடவ செய்யறா? 5ல 1, அதுவும் பக்கத்துல இருக்கிற புள்ள தட்டினா தான். இந்த "இப்ப" தான் பேஸ்லைன்னு சொல்லுவாங்க, அது இல்லாத கோல ஒத்துக்காதீங்க. ஒவ்வொரு கோலுக்கும் இப்ப எங்க இருக்கு, எங்க போகணும், யார் சொல்லித் தருவாங்க, வாரத்துக்கு எத்தன பீரியட், யார் குறிச்சு வைப்பாங்க, இவ்வளவும் அந்த வரிலயே இருக்கணும். கோல் அஞ்சு ஆறுக்கு மேல போனா எதுவுமே நடக்காது.

குழந்தை செய்ய வேண்டியது மட்டும் இல்லாம ஸ்கூல் செய்ய வேண்டியதும் பிளான்ல வரணும். முன் பெஞ்ச், ஜன்னல் பக்கம் வேண்டாம், போர்டுல இருக்கறத ஜெராக்ஸா குடுக்கறது, பரீட்சைல கூட நேரம், அசெம்பிளில சத்தம் தாங்கலன்னா வராண்டால நிக்கலாம், டைம்டேபிள படமா டெஸ்க்ல ஒட்டி வைக்கறது. இதுக்கெல்லாம் பெருசா காசு ஆகாது, ஆனா எழுதலன்னா சப்ஸ்டிட்யூட் டீச்சர் வர்ற அன்னைக்கு எல்லாம் காணாம போயிடும்.

மீட்டிங் அன்னைக்கு ரெண்டு பேரும் போங்க, இல்ல அண்ணன் சித்தி யாராவது ஒருத்தர கூட்டிட்டு போங்க, ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் எழுதணும். இங்கிலீஷ் சரளமா வரலன்னா கவலப்படாதீங்க, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, தமிழ்லயோ கன்னடத்துலயோ சொன்னா இன்னும் நல்லது"ன்னு கேக்குறது நம்ம உரிமை தான், பெங்களூர் ஸ்கூல்ல ஸ்டாஃப்ல ஒருத்தராவது தமிழ் தெரிஞ்சவங்க இருப்பாங்க. ரெக்கார்ட் பண்ணணும்னா கேட்டுட்டு பண்ணுங்க. குழந்தைய பத்தி குறையாவே அடுக்கிட்டு போனா நடுவுல மரியாதையா நிறுத்தி "சரிங்க மேடம், இந்த மாசம் அவ நல்லா செஞ்சது ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேளுங்க, பேச்சோட திசையே மாறும். ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு ஆர்சிஐ ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னும் கேக்கலாம், ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியால பதிவு பண்ணவங்க தான் அந்த வேலை பாக்கணும், உண்மையா படிச்சவங்க இத தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

ஷேடோ டீச்சர், அதாவது கிளாஸ்ல நம்ம குழந்தை கூடவே உக்காந்து உதவுற தனி ஆள், அந்த பேச்சு கண்டிப்பா வரும். பெங்களூர்ல நிறைய பிரைவேட் ஸ்கூல்ல "நீங்களே ஒரு ஷேடோ ஏற்பாடு பண்ணி சம்பளம் குடுங்க"ன்னு சொல்றாங்க. அந்த இடத்துலயே சரின்னு தலையாட்டாதீங்க. எந்தெந்த பீரியடுக்கு வேணும், என்ன வேலைக்கு வேணும், யார் டிரெய்னிங் தருவாங்க, எப்ப குறைப்பீங்க, இத நாலையும் எழுத்துல கேளுங்க. ஷேடோ இருந்தா கிளாஸ் டீச்சர் குழந்தை கிட்ட பேசறதையே விட்டுடற இடமும் உண்டு, அதனால கிளாஸ் டீச்சர் தினமும் நேரடியா என்ன செய்வாங்கன்னும் ஒரு வரி சேருங்க.

இப்ப சட்டம். 2016 சட்டத்துல 16வது பிரிவு, அரசு நடத்துற, அரசு உதவி பெற்ற, அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கூல் எல்லாம் பாகுபாடு இல்லாம அட்மிஷன் குடுக்கணும், குழந்தைக்கு தேவையான வசதி பண்ணிக் குடுக்கணும், ஒவ்வொரு மாணவரோட முன்னேற்றத்தையும் கவனிச்சு வரணும்னு சொல்லுது. 17வது பிரிவுல பரீட்சைல கூடுதல் நேரம், ஸ்க்ரைப் (குழந்தை சொல்லச் சொல்ல பரீட்சை எழுதித் தர்றவங்க), ரெண்டாவது மூணாவது பாஷைல இருந்து விலக்கு, இதெல்லாம் பேரோடவே இருக்கு. 31வது பிரிவு, 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல பாதிப்பு இருக்கிற 6ல இருந்து 18 வயசு குழந்தைக்கு பக்கத்து ஸ்கூல்லயோ விருப்பப்பட்ட ஸ்பெஷல் ஸ்கூல்லயோ இலவசக் கல்வின்னு சொல்லுது. 2021ல சுப்ரீம் கோர்ட், பிரைமரில 10 மாற்றுத்திறன் குழந்தைக்கு ஒரு ஸ்பெஷல் டீச்சர், அதுக்கு மேல உள்ள கிளாஸ்ல 15 பேருக்கு ஒருத்தர்னு கணக்கு சொல்லியிருக்கு. இத எல்லாம் ஒரு தாள்ல எழுதி பைல வச்சுக்கோங்க, ஆனா முதல் மீட்டிங்லயே எடுத்து டேபிள்ல வைக்க வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். அடுத்த பல வருஷம் அந்த டீச்சர்ங்க கூட தான் நம்ம குழந்தை இருக்கணும். "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க"ன்னு வாயால சொன்னா மட்டும் "இத எழுத்துல குடுங்க"ன்னு கேட்டுட்டு வாங்க, தரலன்னா அன்னைக்கே நடந்தத நீங்களே மெயில்ல எழுதி அனுப்புங்க, அதுக்கப்புறமும் சரியாகலன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில கமிஷனர் ஆபீஸ் பெங்களூர்லயே இருக்கு, அங்க புகார் குடுக்கலாம்.

பாஷை விஷயம் இங்க சீக்கிரமே பேசிடணும். தமிழ் வீட்டுப் புள்ள, இங்கிலீஷ் மீடியம், அதுக்கு மேல கர்நாடகால கன்னடம் கட்டாயம், அதுக்கப்புறம் ஹிந்தி. மூணு எழுத்து முறைய ஒரே நேரத்துல கத்துக்கறது படிக்கறதுல சிரமம் இருக்கிற குழந்தைக்கு ரொம்ப பாரம். விலக்கு எந்த கிளாஸ்ல இருந்து, என்ன சர்டிஃபிகேட் வேணும்னு முதல் மீட்டிங்லயே கேட்டு எழுதிக்கோங்க. சிபிஎஸ்இல 3 மணி நேர பேப்பருக்கு 60 நிமிஷம் கூட தருவாங்க, ஆனா அது ஸ்கூல் வழியா, முறையான சர்டிஃபிகேட்டோட தான் வரும், பத்தாவது வந்தப்புறம் ஓடினா கஷ்டம். டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் குறைபாட்டுக்கு சாதாரணமா எட்டு வயசுக்கு அப்புறம் தான் சர்டிஃபிகேட் தருவாங்க, அது வரைக்கும் ஸ்கூல் காத்திருக்கணும்னு அவசியம் இல்ல, கஷ்டப்படுறது தெரிஞ்சதுமே சொல்லித் தர முறைய மாத்தணும்.

கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கிற குழந்தைன்னா ஹெட்மாஸ்டர் கிட்ட சமக்ர சிக்ஷாங்கற மத்திய அரசு பள்ளிக்கல்வி திட்டத்துல பேர் சேத்தாச்சான்னு கேளுங்க. அந்த பிளாக்கோட ரிசோர்ஸ் சென்டர்ல ஸ்பெஷல் டீச்சர் இருப்பாங்க, அவங்க தான் ஸ்கூலுக்கு வந்து பிளான் போடணும். இந்த திட்டத்துல மாற்றுத்திறன் பெண் குழந்தைக்கு மாசம் 200 ரூபா வீதம் 10 மாசத்துக்கு உதவித்தொகையும் உண்டு.

மீட்டிங் முடியற நேரத்துல பேப்பர நீட்டி சைன் கேப்பாங்க. "வீட்ல படிச்சுப் பாத்துட்டு ரெண்டு நாள்ல குடுக்கறோம்"னு சொல்லி ஒரு காப்பி வாங்கிட்டு வந்துடுங்க. அன்னைக்கு சாயங்காலமே, ஞாபகம் இருக்கும்போதே, நன்றி சொல்லி ஒரு சின்ன மெயில் போடுங்க, என்ன முடிவு பண்ணோம், யார் எத எந்த தேதிக்குள்ள செய்யறதா சொன்னாங்க, நாம வீட்ல என்ன செய்யறதா ஒத்துக்கிட்டோம், எதுக்கு இன்னும் பதில் வரல. பிரின்சிபலுக்கும் ஒரு காப்பி போகட்டும்.

ரிவ்யூ தேதி இல்லாத பிளான்ல சைன் போடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ உக்காரணும், அது வரைக்கும் வாரம் ஒரு தடவ டைரில ரெண்டு வரி எழுதி அனுப்ப சொல்லுங்க, அது போதும், டீச்சருக்கும் முப்பது நாப்பது புள்ளைங்க இருக்கு. முதல் மூணு வாரத்துல ஸ்பெஷல் எஜுகேட்டர் பீரியட் எத்தன நடந்துச்சு எத்தன கேன்சல் ஆச்சுன்னு காலண்டர்ல டிக் போட்டு வைங்க, ஸ்போர்ட்ஸ் டே, ஆனுவல் டே, பரீட்சைன்னு முதல்ல அடிபடுறது அந்த பீரியட் தான். ரிவ்யூ தேதி தாண்டியும் கூப்பிடலன்னா மறுநாளே நீங்களே மெயில் போட்டு நேரம் கேளுங்க.